கட்டமரான் பட்டியலில் என் பெயர்

அண்ணை, நீங்கள் பொய் சொன்னீர்கள். நான் ஏலாது என்றேன். நீங்கள் அதை ஓம் என்று மாற்றி முதலாளியிடம் கொடுத்தீர்கள்.

எண்பதுகளின் நடுவில், ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஒரு உணவகம். நீங்கள் அங்கே பெரிய சமையல்காரர். நான் கோப்பை கழுவினேன். எனக்கு ஜெர்மன் மொழியில் பத்துச் சொல் தெரியும். முதலாளி சொல்வதை எனக்கும், நான் சொல்வதை அவருக்கும் நீங்கள்தான் சொல்வீர்கள். இடையில் என்ன கூடுகிறது, என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கோடையில் முதலாளி கிரேக்கத்தில் ஒரு கட்டமரானை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தார். இரட்டை உடம்புள்ள பாய்ப்படகு, எட்டுப் பேர் படுக்கலாம். கடையைப் பூட்டிவிட்டு வேலையாட்கள் எல்லாரையும் கூட்டிப் போக அவருக்கு ஆசை. படகின் படத்தை வெங்காயம் வெட்டும் மேசையில் விரித்து, என் முதுகில் தட்டி ஏதோ சொன்னார்.

"உன்னையும் கூட்டிக்கொண்டு போறாராம். பாய்க்கயிறு இழுக்க ஆள் வேணுமாம்" என்றீர்கள்.

"என்னால ஏலாது அண்ணை. என்ர அகதி விண்ணப்பம் இன்னும் முடியேல்லை. இந்த நகரத்தைத் தாண்டவே அனுமதி இல்லை. கிரேக்கத்துக்குப் போனா திரும்பி உள்ள விடமாட்டாங்கள்."

"விசரா, முதலாளி ஆசையாக் கேக்கிறார். மூஞ்சையில அடிச்ச மாதிரி ஏலாது எண்டு சொல்லுறதே? நடுக்கடலில ஆர் வந்து பேப்பர் கேக்கிறது?"

"எனக்குக் கடலும் தெரியாது. ஊரில கீரிமலைக் கேணிக்குக் குளிக்கப் போனதோட சரி."

"அப்ப நீந்துவாய்தானே, அது காணும்" என்று சிரித்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பி நிறையப் பேசினீர்கள். அவர் என் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டியலில் எட்டாவதாக என் பெயரை எழுதினார்.

உங்களுக்கென்ன, உங்களை அகதியாக ஏற்றுக்கொண்டு நீலப் பயணப் புத்தகமும் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் இருந்தது மடிப்பில் கிழியத் தொடங்கிய ஒரு தற்காலிக அனுமதித் தாள். அந்தத் தாள் செல்லாமல் போனால் நான் போவதற்கு வேறு இடமில்லை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னிலும் பிழை உண்டு. முதலாளி சிரித்தால் தலையாட்டுவதுதான் எங்கள் எல்லாருடைய பழக்கம். நானும் ஆட்டிக்கொண்டே நின்றேன்.

நாலாம் நாள் முதலாளி பட்டியலோடு வந்து "பாஸ்போர்ட்" என்றார். படகுக்காரர் எல்லாருடைய பாஸ்போர்ட் இலக்கமும் கேட்டிருக்கிறார்கள். நல்லவேளை, நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீர்கள். நான் கையைத் துடைத்து, என் தாளை அவர் முன்னால் விரித்து, நகரத்தின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தேன். "எனக்கு அனுமதி இல்லை" என்று ஜெர்மனில் சொன்னேன். மூன்று நாள் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். உருளைக்கிழங்கு மூட்டையில் அப்படியே உட்கார்ந்தார். "ஏன் முதலே சொல்லவில்லை?" என்று மெல்லக் கேட்டார். அந்த 'ஏன்' எனக்கு விளங்கியது. நான் கொழுவியில் தொங்கிய உங்கள் ஏப்ரனைக் காட்டினேன். அவர் பேனாவை எடுத்து என் பெயரை வெட்டினார். அன்று மத்தியானம் மூன்று கோப்பை சோறு சாப்பிட்டேன்.

நீங்கள் ஏழு பேர் போனீர்கள். அந்த ஒரு வாரமும் பூட்டிய கடையைச் சுற்றி நான் சைக்கிள் ஓடினேன். அவ்வளவு நிம்மதியான விடுமுறை எனக்கு அதற்குப் பிறகும் வாய்த்ததில்லை. படகில் முதல் நாளே வாந்தி எடுத்துப் படுத்தது நீங்கள்தான் என்று முதலாளி வந்து நடித்துக் காட்டினார்.

அடுத்த வருடம் என் அகதி விண்ணப்ப விசாரணை நடந்தது. வந்த நாளிலிருந்து இந்த நாட்டை விட்டு வெளியே போனீரா என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கமுன் "இல்லை" என்று நானே சொன்னேன். அது உண்மை. என்னை ஏற்றுக்கொண்டார்கள். என் பிள்ளைகள் இங்கே பிறந்து வளர்ந்தது அதனால்தான்.

போன மாதம் எங்கள் ஊர் ஆட்களின் ஒன்றுகூடல் மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, "இவன் கடலுக்குப் பயந்து கப்பல் பயணத்தையே விட்டவன்" என்றீர்கள். மண்டபமே சிரித்தது. என் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அடுத்த ஒன்றுகூடலிலும் அந்த மைக் அங்கேதான் இருக்கும். அதே ஆட்களுக்கு முன்னால் எழும்பிப் பதில் சொல்லுங்கள் அண்ணை. நான் ஏலாது என்றபோது, முதலாளியிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?