மருந்துக்குத் தெரிந்த கடுகு

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஐப்பசியில் எங்கள் ஊரில் கடுகு போட்ட முதல் ஆள் என் அப்பா. கடைசி ஆளும் அவர்தான். ஒரகடத்தைச் சுற்றி நெல் தெரியும், வேர்க்கடலை தெரியும். கடுகு என்பது தாளிக்கிற கரண்டியில் வெடிக்கிற சாமான். அதற்கொரு செடி உண்டென்று யாரும் யோசித்ததில்லை.

விதையும் களைக்கொல்லியும் சும்மா தருகிறோம், மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அரை ஏக்கர் விடுங்கள் என்று ஒரு வேளாண்மை அதிகாரி கேட்டார். அப்பாவைச் சம்மதிக்க வைத்தது நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன், பன்னிரண்டாவது முடித்திருந்தேன். தங்கை எட்டாவதில் இருந்தாள். ஒன்பதாவதுக்கு பஸ் ஏறிப் படப்பைக்குப் போக வேண்டும்.

"இவன் படிப்பு நெலத்துக்கு இன்னா பண்ணுதுன்னு பாக்கலாம். அப்புறம் அவளப் பத்திப் பேசலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தக் கடுகு விளைய வேண்டியிருந்தது.

அதிகாரி கொடுத்த தாளின்படி, விதைத்த மறுநாள் பாதி நிலத்துக்கு மட்டும் மருந்து. மறு பாதிக்குக் கையால் களையெடுப்பு. மருந்து களையை முளைக்க விடாது, கடுகை ஒன்றும் செய்யாது.

"மருந்துக்கு எப்டிடா தெரியும், எது களை, எது பயிருன்னு?"

"அதுக்குத் தெரியும் நைனா. சயின்ஸு."

அப்பா மருந்தடிக்கிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், மருந்தடித்த பாதியில் ஒரே மாதிரியான அகல இலைச் செடிகள். ஒன்றில்கூடப் பூ இல்லை. மருந்தடிக்காத பாதியில் அந்தச் செடி, கோரை, அருகு எல்லாம் கலந்து கிடக்க, நடுவே எங்கு பார்த்தாலும் மஞ்சள் பூ. தாளில் கறுப்பாக ஒரு படமும் 'மஞ்சள் நிறப் பூக்கள்' என்ற வரியும் இருந்தன. வரப்பில் நின்று நான்கு முறை படித்து முடிவுக்கு வந்தேன். பூத்திருப்பது கடுகு. மருந்து ஆள் மாற்றி அடித்துவிட்டது. கடுகைக் கொன்று களையை வளர்த்திருக்கிறது. அதைக் கையால் சரிசெய்ய வேண்டும்.

களையெடுக்க எட்டுப் பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்றது, உறவில் எனக்கு அத்தை.

"இன்னாடா இது? பூத்துக்கினு கீதே, இது நாய்வேளைடா. எங்க வூட்டாண்ட குப்பைமேட்டுல மொளைக்குது."

"பாக்கறதுக்கு அப்டித்தான் இருக்கும் அத்தை. படத்தைப் பாரு."

"இதுல கீறது எங்க மாமியாருன்னாலும் நம்பணும். அவ்ளோ கறுப்பு."

எல்லாரும் சிரித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்கள். நாற்பது வருஷமாக நாய்வேளையைப் பிடுங்கிப் போட்டவர் அவர். என் கையிலிருந்த தாளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படிச்சவன் சொல்றான். செய்ங்க."

ஒரு பூ உதிராமல் நாய்வேளையைச் சுற்றிக் களையெடுத்தார்கள். மருந்தடித்த பாதியை மொத்தமாகப் பிடுங்கினார்கள். நடுவில் அத்தை, பிடுங்கிய செடியில் ஒரு இலையைக் கடித்துப் பார்த்தாள்.

"ஐயே, மூக்குல சுர்ருனு ஏறுது!"

"துப்பு அத்தை, மருந்து!" என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கொப்பளித்துவிட்டு, "கடுகு அரைச்சாப்ல கீதுடா" என்றாள்.

"அதான் மருந்தோட வேலை" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மருந்தடித்த பாதியில் வெறும் மண்ணைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டது.

"அருமை! ஒரு களை இல்லை."

"பயிரும் இல்லீங்களே" என்றார் அப்பா.

"இந்த ஃபாரத்துல பயிருக்குக் கட்டம் இல்ல பெரியவரே. களைக்கு மட்டும்தான்."

களை: பூஜ்யம் என்று எழுதினார். பிறகு மஞ்சளாகப் பூத்து நின்ற பாதிக்குத் திரும்பினார். "இவ்ளோ நாய்வேளையை ஏன் விட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, கையால் களையெடுப்பது பயன் தராது என்று அடுத்த கட்டத்தில் எழுதி, அப்பாவிடம் கைநாட்டு வாங்கினார்.

"அப்ப நாங்க புடுங்கினது?" என்றேன்.

"கடுகாத்தான் இருக்கும்" என்று வண்டியை உதைத்தார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. களைக்கொத்தை எடுத்து நாய்வேளையைக் கொத்த ஆரம்பித்தார். நானும் குனிந்து கொத்தினேன். தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. பாதி வரிசையில் அவர் நிமிர்ந்தார்.

"அவ படப்பைக்குப் போவட்டும்."

"இன்னா நைனா சொல்ற?"

"வூட்ல படிச்சவன் நீ ஒருத்தன். நீ சொன்னா இல்லன்னு சொல்ல எனக்கே வாய் வரல. அவளும் படிச்சாத்தான் உன்னக் கேள்வி கேக்க ஒரு ஆளு இருக்கும்."

வேர்க்கடலைக்கு எப்போது உழலாம் என்பதை, வரப்போடு போய்க்கொண்டிருந்த அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார்.