கொல்லையில் ஈ

அம்மா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி கேன்டீனில் அவளோடு வேலை பார்த்தவர்கள் ஞாயிறு மாலை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கூடத்தில் அத்தனை பேர் உட்கார முடியாது. கொல்லையில் நாற்காலி போடலாம் என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் பேச்சை மாற்றினார். நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து முந்தின இரவு வந்து சேர்ந்தேன்.

காலையில் கொல்லைக் கதவைத் திறந்ததும் ஈ. துணிக்கொடியில், குழாய் மேல், வாளி விளிம்பில். கையை வீசினால் எழும்பி, அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்தன.

வேறு வீடாக இருந்தால் இது சின்ன விஷயம். கேன்டீனில் சாப்பாட்டு மேசைகள் அம்மாவின் பொறுப்பு. மேசையில் ஓர் ஈ உட்கார்ந்தால் தன் முகத்திலேயே உட்கார்ந்தது போல் பதறித் துடைப்பாள். வரப்போகிறவர்கள் எல்லோரும் அதற்காக அவளிடம் திட்டு வாங்கியவர்கள். அவள் வீட்டிலேயே ஈ மொய்க்கிறது என்று அவர்கள் பேசிக்கொண்டு போகக் கூடாது. அன்று எனக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை.

நான் கழிவுநீர்க் குழாய்கள் வடிவமைப்பவள். ஈ என்றதும் சாக்கடை என்று முடிவு கட்டினேன். சமையலறைத் தண்ணீர் வந்து விழும் தொட்டியின் மூடியை நெம்பித் தூக்கினேன். படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டேன்.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு மாமாவின் தலை தெரிந்தது.

"என்னம்மா, எஞ்சினியருக்குப் படிச்சுட்டு சாக்கடைக்குள்ள தலைய விட்டிருக்க?"

"அதுக்குத்தான் மாமா படிச்சதே."

"உங்க வீட்டு ஈ எங்க வீட்டுக்கும் விருந்தாளியா வருது. பத்து நாளா சொல்லணும்னு இருந்தேன். உங்கப்பா முகத்தப் பாத்தா வாய் வரல."

அப்பா லாரி எடை மேடையில் எடை போட்டவர். காலி லாரியை ஒரு தரம், சரக்கோடு ஒரு தரம் நிறுத்திப் பார்த்துச் சீட்டு எழுதுவார். டிரைவர் கீழே இறங்கி நிற்காவிட்டால் எடை பார்க்க மாட்டார். "ஏன், உன்னையும் சேத்து விக்கப் போறாங்களா?" என்பார். அம்மாவுக்கு மாலை ஷிப்ட் என்பதால் ராத்திரி சமையல் அவருடையது. சமைத்ததை இரண்டு தட்டில் சமமாகப் பங்கு வைப்பார். தன் தட்டில் கூடுதலாக விழுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி எடுத்து அம்மாவின் தட்டுக்கு மாற்றுவார். அவள் தட்டை மூடி வைப்பார். அவள் வந்து சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருப்பார். அதிகம் பேச மாட்டார்கள்.

மதியமும் ஈ குறையவில்லை. சாக்கடைப் பக்கம் ஒன்றுகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எல்லாம் கொல்லைக் கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தன. அங்கே மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது. மண்வெட்டியை எடுத்தேன்.

அப்பா வாசற்படிக்கு வந்தார். "அங்க வேண்டாம்மா."

"ஏன்ப்பா, எலி ஏதாவது செத்துக் கெடக்கா?"

"எலி இல்ல. விடு, நான் பாத்துக்கறேன்."

"இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் வந்துடுவாங்க."

ஒரு வெட்டு வெட்டினேன். சாப்பாடு. கீழே மக்கிப்போனது, மேலே கெடாதது. நடுவில் புழு.

"கை பழகிப் போச்சு," என்றார். "அவளுக்கும் எடுத்து மூடி வெச்சிடறேன். காலைல பாத்தா அப்படியே இருக்கு."

"குப்பைத் தொட்டில போட்டிருக்கலாமே."

"அவளுக்குன்னு எடுத்து வெச்சத எப்படிக் குப்பைல போடறது?"

சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. "ஆழம் பத்தாதுப்பா. இவ்வளவு மண்ணுக்குப் புழு மேல ஏறி வந்துடும்."

"இடுப்பு வலிக்குது. முடிஞ்சது அவ்வளவுதான்."

முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, எல்லாவற்றையும் அதில் தள்ளிச் சுண்ணாம்புத் தூள் கொட்டி, மண் போட்டு மிதித்து, மேலேயும் சுண்ணாம்பு தூவினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா வீட்டிலிருந்து இரண்டு மேசை விசிறி வாங்கி வந்து நாற்காலிகளுக்கு நேராக வைத்தேன். வேகமான காற்றில் ஈயால் உட்கார முடியாது.

அவர்கள் வந்தார்கள். தப்பித்த நாலைந்து ஈ சுற்றிக்கொண்டிருந்தன. கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்கா, அம்மாவுக்கு மிக நெருக்கமானவர், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தார்.

"அதென்ன, புதுசா சுண்ணாம்பு?"

"சாக்கடை அடைச்சுக்கிச்சு," என்றேன்.

"இல்ல," என்றார் அப்பா. "அவ சாப்பாட்ட அங்க பொதைச்சேன். ஈ வந்தது என்னாலதான். அவ இருந்தவரைக்கும் இந்தக் கொல்லைல ஈ கெடையாது."

அக்கா நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தெனமுமா எடுத்து வெச்சீங்க?" என்றார் அக்கா.

அப்பா தலையாட்டினார்.

"அவ எங்ககூட உக்காந்தா அரை வயித்துக்குத்தான் சாப்பிடுவா. ஏன்டின்னு கேட்டா, 'வீட்டுல ஒரு மனுஷன் பங்கு வெச்சுட்டு முழிச்சிருப்பார், மிச்சம் வெச்சா மூஞ்சி தொங்கிடும்'னு சொல்லுவா."

"பசிக்காத அன்னிக்குமா?" என்றார் அப்பா.

"உடம்பு முடியாம போனதுக்கப்புறமும்தான்."

அப்பா எழுந்து உள்ளே போனார். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

அக்கா என் பக்கம் குனிந்தார். "சொல்லியிருக்கக் கூடாதோம்மா?"

குழாயை மூட எழுந்து போனேன்.