வழிமொழிந்தவர்

கிள்ளான் நகரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் ஏழு மாதமாக ஓடவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டு மாடி ஏறி அலுத்துப்போன அம்மா, குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாக ஒருநாள் சொன்னாள். அதுவரை தலைவராக இருந்தவர் என் பெரியப்பா. எல்லாத் தடவையும் போட்டியில்லாமல் வந்தவர்.

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "என் ஆதரவு உனக்குத்தான்லா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எனக்கு அப்போது பத்து வயது. ஆதரவு, துணை, பக்கபலம் எல்லாமே ஒரே பொருள்தான் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். அதனால் அம்மா ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்த்தளக் கூடத்தில் கூட்டம். நாலாவது மாடி ஆன்டி அம்மாவின் பெயரை முன்மொழிந்தார். வழிமொழிய யாராவது உண்டா என்று செயலாளர் கேட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத்தான் ஆதரவு என்று தலையாட்டிவிட்டுப் போன பலரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். அப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

நான் கையைத் தூக்கினேன். கூடமே சிரித்தது.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆதரவுன்னா அப்புறம் ஓட்டுல கை தூக்கினா போதும்மா. வழிமொழியறது வேற. எழுந்து நின்னு தன் பேரைச் சொல்லணும், நான் புத்தகத்துல எழுதுவேன். அதைப் பெரியவங்கதான் செய்யணும்."

இன்னொரு முறை கேட்டார். ஆள் இல்லாவிட்டால் அம்மாவின் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். அம்மா தம்பியின் சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டாள்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து நின்றிருந்தார்.

"நான் வழிமொழியறேன்" என்றார். அங்கே எல்லாருக்கும் தெரிந்தவர்தான். இருந்தும் தன் பெயரைத் தகப்பன் பெயரோடு முழுசாகச் சொன்னார். பெரியப்பாவுக்கும் அதே தகப்பன்தான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மா ஆறு வாக்கு வித்தியாசத்தில் வென்றாள். திரும்பிப் படியேறும்போது அப்பா தம்பியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஐந்தாவது மாடியில் மூச்சுவாங்க நின்றபோது, எதற்கென்றே தெரியாமல் இருவரும் சிரித்தார்கள். பல நாளாக வீட்டில் அப்படிச் சிரிப்பு கேட்டதில்லை. எனக்கு உயிர் வந்தது போல் இருந்தது.

மறுநாளிலிருந்து அப்பா லோரி ஓட்டப் போகவில்லை. அந்த லோரி பெரியப்பாவுடையது. பந்திங் ஊரில் வேறு வேலை கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை தினமும் அவர்தான் என்னைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனார். அப்பாவுக்குப் பெரிய லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று வகுப்பில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.