மெக்சிக்கோப் படையலுக்குக் காவல் நின்றவர்

ரொறன்ரோவில் ஒரு கலை மையத்தில் மெக்சிக்கோ விழா. ஓவியம், பாட்டு, சோள ரொட்டி எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகச் சுற்றிவிட்டு, இறந்தவர்களுக்கான படையலுக்கு வந்தேன். பார்வையாளர்களும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் படத்தை அங்கே வைக்கலாம்.

காவலுக்கு நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, தொளதொளத்த சீருடை. சரிந்த படங்களை நிமிர்த்திக்கொண்டே இருந்தார். பேச்சுக்கொடுத்தேன். சட்டைப்பையிலிருந்து மகனின் படத்தை எடுத்துக் காட்டினார். பள்ளிச் சீருடையில் ஒரு பையன்.

"இதையும் வையுங்கோவன் அங்கிள், செவ்வந்திப்பூவும் கிடக்கு" என்றேன் அவசரமாய்.

"உமக்கென்ன விசரே? அவனைப் பதினாறு வயசிலை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. செத்தவன் எண்டு ஆர் சொன்னது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம் பொறுத்து, மகனுக்கு என்ன வயது என்றேன்.

"வாற மாசம் இருபத்திரண்டு முடியுது" என்றார்.