பிரிக்கக் கூடாத பொட்டலம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை வீட்டார் என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, நல்லதை மட்டும் எழுது என்றும் சொன்னார்கள். எங்கள் தாய்மாமன் அவர்கள் ஒரு படி மேலே போய், கட்டுரையில் வரவேண்டிய வாக்கியத்தையே சொல்லி அனுப்பினார். 'குலதெய்வத்தின் உத்தரவு பெற்று, தாய்மாமனின் ஆசியோடு ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றார்' என்று இருக்க வேண்டுமாம்.

அப்படிச் சொல்லி அனுப்ப வாய் கூசவில்லையா என்று கேட்டால், துக்க வீட்டில் சண்டை எதற்கு என்பார்கள். அதனால் கேட்கவில்லை. எழுதுகிறேன். நல்லதை மட்டும் படிக்க விரும்புகிறவர்கள் முதல் பக்கத்துப் படத்தைக் கும்பிட்டுவிட்டு மலரை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

அக்கா பிறந்தது எங்கள் மலையூரான பூம்பாறையில். எங்களுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அப்பா தவறிவிட்டார். அம்மா பூண்டுக் காட்டைப் பார்த்துக்கொண்டார். மற்ற எல்லாவற்றையும் அம்மாவின் அண்ணனான மாமா பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்றால், எங்கள் வீட்டில் உப்பு வாங்குவதென்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அக்கா கொடைக்கானலில் ஒரு உறவினர் வீட்டில் தங்கி எட்டாம் வகுப்பு தேறினார். குளிருக்குப் பயந்து கீழ்நாட்டு ஆசிரியர்கள் யாரும் எங்கள் ஊரில் நிலைக்காததால், பயிற்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அக்காவைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். கொடைக்கானல் பக்கம் போனால் 'அன்டிரெயின்ட் டீச்சர்' என்பார்கள். அதை ஏதோ வியாதியின் பெயரைப் போலச் சொல்வார்கள்.

தொடக்கத்தில் அக்கா நல்ல ஆசிரியை இல்லை. இதை எழுதுவதால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே சொன்னதுதான். பிரம்பும் கையுமாக இருப்பார். ஒரு நல்ல பழக்கம் மட்டும் அப்போதே இருந்தது. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய விடையை ஏற்கவே மாட்டார். "விடை வந்துருச்சு, வழி எங்க?" என்பார். வழி என்றால் கணக்கைப் போட்ட முறை. அது இல்லாமல் சரியான விடைக்கும் மதிப்பெண் கிடையாது.

அந்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். குதிரைமேல் ஏற்றும் பூண்டு மூட்டைக்கு மனத்திலேயே கணக்குச் சொல்வான். அதே கணக்கைச் சிலேட்டில் எழுதிக் கொடுத்தால் பேந்தப் பேந்த விழிப்பான். அக்கா அடித்தார். அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அன்று வீட்டில் அக்கா சாப்பிடவில்லை. "அவன் மக்கு இல்லடி. எனக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியல" என்றார். தலைமையாசிரியர் ஐயாவிடம் போய்க் கேட்டபோது, சொல்லிக்கொடுப்பதையும் ஒருவர் படித்துத்தான் ஆகவேண்டும் என்றார் அவர். அவர் சொல்லித்தான் அக்கா பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். இடமும் கிடைத்தது. கீழே, சமவெளியில், இரண்டு வருடம்.

அதிலிருந்துதான் வந்தது வினை. எங்கள் மேல்மலையில் ஒரு பெண் 'இறங்கிப் போனாள்' என்றால் நல்ல அர்த்தம் கிடையாது. எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்றுதான் அர்த்தம். மாமா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். தன் மூத்த மகனுக்கு அக்காவைக் கட்டிவைக்க அவர் நினைத்திருந்தது ஊருக்கே தெரியும்.

"ஏத்தா, நீதான் ஏற்கெனவே டீச்சராச்சே. எறங்கிப் போயி இன்னும் என்னத்தப் படிக்கப் போற? காட்டுச் சோலிய யாரு பாக்கிறது?" என்றார்.

அக்கா பதில் சொன்னார், அழுதார், சாப்பிடாமல் கிடந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மாமா, சாமியிடம் பூக் கேட்போம், உத்தரவு வந்தால் போகட்டும் என்றார். அடடா, என்ன பெருந்தன்மை என்று ஊரே மெச்சியது.

பூக் கேட்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைச் சாமந்தியை ஒரு இலையிலும் சிவப்பு ரோஜாவை இன்னொரு இலையிலும் பொதிந்து, வித்தியாசம் தெரியாமல் நூல் சுற்றி, குலசாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதை யாரும் பிரித்ததில்லை, அன்றுவரை.

பொட்டலம் கட்டியவர் மாமா. எடுத்தது அவருடைய கடைக்குட்டி மகள். அப்போதுதான் நன்றாகப் பேச ஆரம்பித்திருந்த குழந்தை. சிவப்பு வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமா இன்னொரு பொட்டலத்தை எடுக்கக் குனிந்தார். அதற்குள் அக்கா அதைக் கையில் எடுத்துவிட்டார்.

"விடை வந்துருச்சு மாமா. வழியையும் பாத்துருவோம்" என்று நூலைப் பிரித்தார்.

அதிலும் சிவப்பு ரோஜாதான் இருந்தது.

அந்த இடத்தில் யார் தலைகுனிந்திருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். சாமியின் பெயரால் ஏமாற்றியவரா, ஏமாற்றை வெளியே காட்டியவரா? ஊர்ப் பெரியவர்கள் அன்று கேட்டது ஒரே கேள்விதான், பொட்டலத்தை ஏன் பிரித்தாய் என்று. மாமாவை ஒருவர், ஒரே ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. அக்கா தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னார்கள். அக்கா அவர்களிடம் கேட்கவில்லை. சாமிகிட்ட மட்டும் கேட்கிறேன் என்று சொல்லித் தேங்காயை உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்மா அதுவரை தன் அண்ணனை எதிர்த்து ஒரு சொல் சொன்னவர் அல்லர். அன்று அடுப்படியில் இருந்தபடியே, "பூண்டு ஆயிறதுக்கு எனக்கு ரெண்டு கை கெடக்கு. நீ வெள்ளனே கெளம்பு" என்றார். விடிந்ததும் பூண்டு ஏற்றிப்போகும் குதிரைகளோடு அக்கா கொடைக்கானலுக்கு நடந்தார். அங்கிருந்து பஸ்ஸில் கீழே போனார். மாமா அவர்களே, நீங்கள் சொல்லும் ஆசி இதுதான்.

அந்த வருடம் ஆலங்கட்டி மழையில் உருளைக்கிழங்கு அழிந்தது. பொட்டலம் பிரித்தவளால் என்றார்கள். அக்கா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் அந்தப் பொட்டலம்தான் காரணமாம். 'பொட்டலம் பிரிச்சவ' என்று அக்காவுக்குப் பெயர் வைத்த வாய்கள்தான் இன்று 'நம்ம குடும்பத்து முதல் டிரெயின்ட் டீச்சர்' என்று மார்தட்டுகின்றன.

பயிற்சி முடிந்து திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். கேள்வியைக் கேட்டுவிட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பயிற்சிப் பள்ளியில் ஒரு அம்மையார் கண்டித்தாராம். அதன்பிறகு அக்கா கேள்வி கேட்டால் காத்திருப்பார். வகுப்பு அமைதியாகக் கிடக்கும். பார்க்க வந்த இன்ஸ்பெக்டர், டீச்சருக்குப் பாடம் மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். அக்கா சிரித்துக்கொண்டே, கொஞ்சம் பொறுங்கள் சார், பிள்ளைகளிடமிருந்தே பதில் வரும் என்றார். வந்தது. பழைய பிரம்பை எங்கள் வீட்டுப் பீன்ஸ் கொடிக்கு ஊன்றிவிட்டார். பள்ளியை விட்டுப்போன அந்தப் பையனைக் காட்டுக்கே தேடிப்போய் அழைத்துவந்தார். மூட்டைக் கணக்கை அவன் வாயால் சொல்லச் சொல்லி, அதையே சிலேட்டில் எழுதவைத்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. கோடையில் கீழ்நாட்டு ஆசிரியர்களுக்காகக் கொடைக்கானலில் நடக்கும் வகுப்புகளில், அழைப்பே இல்லாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். முதல் தடவை அவரைக் காய்கறி கொண்டுவந்த பெண் என்று நினைத்துச் சமையல்கட்டுக்கு வழிகாட்டினார்கள். அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. சில வருடங்கள் கழித்து அங்கே அவரையே பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். அன்று அக்கா வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

சென்ற ஆண்டு அடைமழையில் காய்ச்சல் வந்தது. பாதை சரிந்து கிடந்ததால் ஜீப் வரவில்லை. டோலி கட்டித் தூக்கிப் போனோம். மருத்துவமனையில் கண் திறந்தபோது, மூன்றாம் வகுப்புக்கு யார் போகிறார்கள் என்று கேட்டார். நீ திரும்பும்வரை நான் போகிறேன் என்றேன். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு அவசரப்படாதே என்றார். அதன்பிறகு பேசவில்லை.

இனி நன்றி. மழையில் டோலி சுமந்த பழைய மாணவர்களுக்கு நன்றி. முன்னால் தோள் கொடுத்தவன் அந்த மூட்டைக் கணக்குப் பையன்தான். பயிற்சிக்கு வழிகாட்டிய தலைமையாசிரியர் ஐயாவுக்கும், மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்கும், எங்கள் அம்மாவின் இரண்டு கைகளுக்கும் நன்றி. வேறு யாராவது விட்டுப்போயிருந்தால், காரணம் மறதி அல்ல.

ஒரு செய்தி மீதி இருக்கிறது. அன்று பொட்டலம் எடுத்த மாமாவின் கடைக்குட்டி இன்று வளர்ந்துவிட்டாள். அக்காவிடம் படித்தவள். அவளுக்கும் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் வந்திருக்கிறது. இந்த நினைவு நாள் முடிந்ததும் சாமியிடம் பூக் கேட்கப் போவதாக மாமா சொல்லியிருக்கிறார். கொதித்துப்போய் அவளிடம் ஓடினேன். நானும் வருகிறேன், இரண்டு பொட்டலத்தையும் நானே பிரிக்கிறேன் என்றேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"நீங்க எதுக்கு மதினி? அன்னைக்கு எடுத்தது என் கை. இன்னைக்குப் பிரிக்கிறதும் என் கையாவே இருக்கட்டும். டீச்சர் சொல்லிக்குடுத்திருக்காங்க" என்றாள்.

இனி நீங்கள் பூவைக் கட்டலாம், மாமா.