என் மேல் இருந்த ஆப்ஷன்

நான் எம்.பி.ஏ. படித்த எண்பதுகளில் நம் நாட்டில் ஆப்ஷன் வியாபாரத்துக்குச் சட்டப்படி தடை. ஆனால் அதில் பரீட்சை மட்டும் உண்டு. நாமக்கல் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய், அமெரிக்காக்காரர் ஒருவர் எழுதிய தடிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இங்கே யாரும் செய்யக் கூடாத வியாபாரத்தை எப்படிக் கெட்டிக்காரத்தனமாகச் செய்வது என்று கற்றுக்கொண்டேன். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்திக்குச் சேலம் டவுனில் மாதா கோயில் பக்கம் வீடு. அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

வாத்தியார் தன்னால் ஆனமட்டும் எளிமையாகத்தான் சொன்னார். ஃப்யூச்சர்ஸ் என்றால் இரண்டு பேருமே மாட்டிக்கொண்டவர்கள். சொன்ன தேதியில் சொன்ன விலைக்கு ஒருவர் கொடுத்தாக வேண்டும், மற்றவர் வாங்கியாக வேண்டும். ஆப்ஷனில் மாட்டியவர் ஒருவர்தான். உரிமை வைத்திருப்பவருக்குக் கட்டாயம் ஏதும் இல்லை. கெடு நாள்வரை யோசிக்கலாம், பிடித்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். அதுவரை சரக்கை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியது எதிராளியின் தலைவிதி.

வகுப்பே திருதிருவென்று விழித்தது. எனக்கு மட்டும் அன்றைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்தச் சரக்கே நான்தான்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மகன் இருந்தால் அவனைக் கேட்காமல் பெண்ணை வெளியில் கொடுக்க முடியாது. கட்டிக்கொள்வதும் விடுவதும் முறைகாரன் இஷ்டம். என் மாமன் மகன் திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்திருந்தார். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கட்டிக்கொள்வதாகவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது ரொம்ப வசதி. அவர் வாயைத் திறக்காதவரை அம்மா வேறு மாப்பிள்ளை பார்க்க முடியாது, நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாம் வருஷம் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. சித்திரைக் கடைசிக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும் என்று அண்ணன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். எனக்குக் கடைசிப் பரீட்சை வைகாசி முதல் வாரம். மச்சான் முன்கூட்டியே சரி என்று சொல்லித் தொலைத்தால், சித்திரை முகூர்த்தத்திலேயே காரியத்தை முடித்துவிடுவார்கள். இரண்டு வருஷப் படிப்பும் பஸ் டிக்கெட்டும் வீண்.

பங்குனியில் லாரிக்கு எஃப்.சி. எடுப்பதற்காக ஊருக்கு வந்த மச்சான் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா பின்பக்கம் கோழி பிடிக்கப் போன நேரத்தில் நான் காப்பியோடு நோட்டையும் கொண்டுபோனேன்.

"மச்சான், உங்களுக்கு உரிமை இருக்குதுங்க. கட்டாயம் ஒண்ணும் இல்லீங்க. முன்னாடியே முடிவு சொல்றது நஷ்டமுங்க. கடைசி நாள் வரைக்கும் பொறுத்துப் பாக்கறதுதான் லாபமுன்னு புஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்க."

லாபம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டும் காட்டினேன். அவர் நோட்டை வாங்கி, எந்த இடத்தில் எத்தனை அடியில் தண்ணீர் என்று தேடுகிறவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைப் படிக்கத்தான் ரண்டு வருசமா சேலத்துக்குப் போறியாக்கும்?"

"ஆமாங்க."

"செரி. கடைசி நாள்ல எதை வெச்சு முடிவு பண்றது?"

"அன்னைக்கு இருக்கற விலையைப் பாத்துங்க."

"ஆரோட விலை?"

"காப்பி ஆறீருமுங்க, குடியுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மச்சான் சொன்ன பேச்சைக் கேட்டார். சித்திரை முழுக்க மூச்சு விடவில்லை. அம்மா வாசலையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு பாடம் விடாமல் படித்தேன். சித்திரை கடைசி நாள் காலையில் மாமன் வாழைப்பழச் சீப்பும் வெற்றிலைபாக்குமாக வந்து உட்கார்ந்தார்.

"பையன் முறையை உட்டுக் குடுத்தர்றனுட்டான் அம்மிணி. நீங்க வெளியில பாத்துக்குங்க."

"ஏனுங்ண்ணா, எம்புள்ளைக்கு என்ன கொறை?" என்றாள் அம்மா.

"ட்ரங்க் கால்ல அவ்வளவுதான் சொன்னான். ஏண்டான்னு கேக்கறதுக்குள்ள மூணு நிமிசம் முடிஞ்சு போச்சு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா என் பக்கம் திரும்பி, "நீ போயிப் படி சாமி" என்றார். நான் ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. கல்யாணம் இல்லை, பரீட்சை உண்டு. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். அவரைக் கட்டிக்கொள்ளும் எண்ணம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை, அது வேறு விஷயம். வேண்டாம் என்று சொல்லப்போவது நான்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவே இல்லை. உள்ளே போய்க் கண்ணாடியில் என் மூஞ்சியை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அழுகை வந்தது.

அடுத்த வாரம் பரீட்சை. முதல் மூன்று கேள்விகளையும் மளமளவென்று எழுதித் தள்ளினேன். நான்காவது கேள்விக்கு ஐந்து மதிப்பெண்: உரிமை வைத்திருப்பவர் கெடு நாளில் அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவது ஏன்? புத்தகத்தில் அதற்கு ஒரே பதில்தான். சந்தையில் அந்தச் சரக்கின் விலை, பேசி வைத்த விலைக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஹாலில் அது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று அரைப் பக்கம் இடம் விட்டு ஐந்தாவது கேள்விக்குப் போனேன். மணி அடித்துப் பேப்பரை வாங்கும்போதும் அந்த அரைப் பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது.