டப்பாவில் இருந்த பவுடர்

இந்தப் பத்திக்கு மேலே என் போட்டோவைப் போட வேண்டுமாம். பத்திரிகை ஆசிரியர் கடிதம் எழுதிவிட்டார். இத்தனை நாள் என் எழுத்தைச் சகித்துக்கொண்டீர்கள்... இனி மூஞ்சியையுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்தால் தெருவே கேலி பேசும் என்று ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். ஸ்டூடியோவில் வருகிறவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு கோட்டு, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. கோட்டை மாட்டிக்கொண்டு கன்னத்தில் தாராளமாகப் பூசினேன். கண்ணாடியில் பார்த்தால் — பரவாயில்லை, பத்து வயசு குறைந்திருந்தது!

எனக்கு முன்னால் தேவதானத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்திருந்தார்கள். மருமகள் பெயர் பாக்கியம். இருபது வயசு இருக்கும். புருஷன் பட்டாளத்தில், எந்தச் சீமையிலோ இருக்கிறான். போட்டோ கேட்டு எழுதியிருக்கிறான். அவன் கப்பலேறிய பிறகு இவளுக்கு அம்மை போட்டு, முகமெல்லாம் தழும்பு. அது அவனுக்குத் தெரியாது. இவ்வளவையும் மாமியாரே ஸ்டூடியோக்காரரிடமும் என்னிடமும் சொல்லிவிட்டாள்.

"நல்லா அப்பிக்கோ ஏட்டி. எம்புள்ள பாத்தா பயந்துருவான்" என்று டப்பாவை நீட்டினாள்.

"பவுடர் பத்தாதும்மா. நெகட்டிவ்ல பென்சில் புடிச்சு தழும்பு அம்புட்டையும் அடைச்சிருதேன்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

பாக்கியம் டப்பாவைத் தொடவில்லை.

"வேண்டாம் அத்தை. அவிய லீவுல வந்து எறங்கினா, போட்டோவுல இருந்தவ எங்கேன்னு தேடக் கூடாது. இப்பமே பாத்துக்கிடட்டும்."

"பாத்துட்டு வராமலே இருந்துட்டான்னா?"

பாக்கியம் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அதுவும் இப்பமே தெரிஞ்சிரட்டும்" என்றாள்.

வெறும் முகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்து, காமிராவை நேராகப் பார்த்தாள். படம் எடுத்தாயிற்று. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வாசல் வரை போன பாக்கியம் மட்டும் திரும்பி வந்தாள்.

"அண்ணாச்சி, அந்த டப்பாவைச் செத்த தாங்க."

"படந்தான் எடுத்தாச்சே தாயி! இனி யாருக்கு?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"எனக்குத்தான்."

கண்ணாடி முன்னால் நின்று, அவசரப்படாமல் பூசினாள். தழும்பு அப்படியேதான் தெரிந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, லேசாகச் சிரித்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

அலங்காரம் நமக்கா, பிறருக்கா? கேட்டால் எல்லோரும் 'எனக்காகத்தான்' என்று சாதிப்போம். அப்படியானால் வீட்டில் தனியாக இருக்கும் நாளில் ஏன் தலைகூட வாருவதில்லை? அந்தப் பெண் சொன்னபோது மட்டும் நான் நம்பினேன். புருஷனுக்கு அனுப்பிய முகத்தில்தான் ஒன்றுமே பூசவில்லையே!

அவனிடமிருந்து பதில் வந்ததா, தெரியாது. வந்திருக்க வேண்டுமே என்று இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது.

என் முறை வந்தது. முகத்தைத் துடைத்துவிடலாமா என்று கைக்குட்டையை எடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும்... மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

படம் மேலே இருக்கிறது. கோட்டு ஸ்டூடியோவுடையது. பவுடர் உங்களுக்காக!